நகையைக் கழற்றச் சொன்ன கிறீம்



முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்கு நான் மாதந்தோறும் போவதுண்டு. அங்கே ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை இருக்கிறாள். 2009 இல் தாயை இழந்தபோது அவளுக்குப் பத்து வயது. கடந்த மாதம் அவளைப் பார்த்தபோது முகம் வழமைக்கு மாறாக வெளுத்திருந்தது. காரணம் கேட்டேன்.

“கன்னம் ரெண்டும் கறுத்துப் போச்சு அக்கா. அவர் கட்டாரில இருந்து போனில பாக்கேக்க வெக்கமாக் கிடந்தது. சந்தையில ஒரு கிறீம் வாங்கினனான்.”

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். தயாரித்தவர் பெயரில்லை, முகவரியில்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை. தங்க, வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம் என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

“ஓம் அக்கா, கடைக்காரரும் சொன்னவர். தாலிக்கொடியைக் கழட்டி வச்சிட்டுத்தான் பூசுறனான்” என்றாள்.

எனக்கு நெஞ்சு பகீரென்றது. தங்கத்துக்கு ஆகாதது பாதரசம். தோலின் நிறப்பொருள் உருவாவதைத் தடுப்பதால் சில வெள்ளையாக்கும் கிறீம்களில் அதைக் கலக்கிறார்கள். அது தோல்வழியே இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளை, நரம்பு வளர்ச்சிக்கும் கேடு செய்யும். துவாய், தலையணை மூலம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025 உடன் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் இணங்கின. ஆனாலும் பெயரில்லாத டப்பாக்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கர்ப்ப காலத்தில் கன்னமும் நெற்றியும் கறுப்பது நோயல்ல. ஓமோன் மாற்றத்தால் வருவது. பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் மங்கிவிடும். அவளுடைய அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பா. நானாவது முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கேட்டேன், தடுப்பூசி பற்றிக் கேட்டேன். முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்கவில்லை.

எனவே, கர்ப்பிணிகளான சகோதரிகள் இவற்றைக் கவனியுங்கள்:

• விபரச்சீட்டு இல்லாத கிறீம், குங்குமம், கண்மை வேண்டாம். சில குங்குமங்களிலும் கண்மைகளிலும் ஈயம் இருக்கலாம்.

• ஐதரோகுயினோன், திரெற்றினோயின் சேர்ந்த கிறீம்களைத் தவிருங்கள். பருவுக்கு முன்பு தந்த மருந்தையும் வைத்தியரைக் கேட்காமல் தொடர வேண்டாம்.

• கையில் வைக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், தோல் வெந்து கொப்பளிக்கலாம். அரைத்த மருதோன்றி இலை போதும்.

• மென்மையான சவர்க்காரம், தேங்காயெண்ணெய், வெயிலுக்கு ஒரு குடை. முகத்துக்கு இவை போதும்.

ஏற்கெனவே பூசியிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். உடனே நிறுத்துங்கள். டப்பாவை மூடிப் பையில் கட்டி கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். எரிக்கவோ கிணற்றடியில் வீசவோ வேண்டாம்.

அந்தத் தங்கையும் கொண்டுபோனாள். வைத்தியர் ஏசவில்லை, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

உங்கள் அயலிலும் தாயில்லாத பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருக்கக்கூடும். இன்று பின்னேரம் ஒருக்கால் எட்டிப் பார்த்து, அவள் முகத்துக்கு என்ன பூசுகிறாள் என்று கேளுங்கள்.