சொர்க்கம் மூன்று, சுடுகாட்டுப் பாதை ஒன்று

சென்ற மழைக்காலத்தில், நாங்கள் வேலை செய்யும் சேரி ஒன்றில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இறந்துபோனார். செய்தி கேட்டு நாங்கள் போனபோது வாசலில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மூத்த மகன் ஆடி மாதம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். நீர்மாலை எடுக்க வேண்டும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும் என்றார். மகள் பல ஆண்டுகளாக ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். "அம்மா கடைசியா இயேசுவை ஏத்துக்கிட்டாங்க. பாஸ்டர் வராம எடுக்கக் கூடாது" என்று அழுதார். பேரன் கல்லூரி மாணவன், எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவன். திரிசரணம் சொல்லி அடக்கம் செய்வோம், பறை அடிக்கக் கூடாது, பந்தமும் பிடிக்க மாட்டேன் என்று நின்றான்.

நாங்கள் பேரன் பக்கம் நின்றோம். எங்களில் ஒருவர் மூத்த மகனிடம், "ஆன்மான்னு ஒண்ணும் கிடையாதுண்ணே, புத்தர் அப்பவே சொல்லிட்டாரு" என்று விளக்கத் தொடங்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இல்லாட்டி போகுது தம்பி. எங்கம்மாவ எந்தப் பக்கமா தூக்கிக்கிட்டுப் போறது? அதச் சொல்லு."

எங்களிடம் பதில் இல்லை. ஊர்த் தெரு வழியாகப் போனால் சுடுகாட்டுக்குப் பத்து நிமிடம். ஆனால் சேரிப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது. வயல் வரப்பில்தான் போக வேண்டும். அன்று வரப்பு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மூன்று நம்பிக்கைக்காரர்களும் ஒரே பாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினார்கள்.

கடவுள் உண்டா இல்லையா, செத்த பிறகு என்ன ஆகிறோம் என்று மாணவத் தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நம்பிக்கை மரணத்துக்கு என்ன பொருள் சொல்கிறது என்று படிப்பவர்கள், செத்த நம் உடம்பை அது என்ன செய்கிறது என்றும் சேர்த்துப் படிக்க வேண்டும். யார் தூக்குவது? எந்த வழி? எந்த மண்? குழி வெட்டுவது யார்?

முதலில் வைதிகத்தை எடுத்துக்கொள்வோம். ஆன்மா அழியாது, பழைய துணியைக் கழற்றிப் புதுத் துணி உடுத்துவதுபோல அது உடம்பை மாற்றிக்கொள்கிறது என்கிறது கீதை. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. பக்கத்திலேயே மனுஸ்மிருதியைத் திறந்து வைத்துப் பாருங்கள். பத்தாம் அத்தியாயத்தில், செத்தவர்களின் துணிதான் சண்டாளருக்கு உடை என்றும், உறவினர் இல்லாத பிணங்களை அவர்களே சுமக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆன்மா கழற்றிப் போட்ட துணி யார் தலையில் விழுந்தது என்பது இப்போது தெரிகிறது அல்லவா?

ஐந்தாம் அத்தியாயம் இன்னும் தெளிவானது. சாவுத் தீட்டு பிராமணருக்கு 10 நாள், சத்திரியருக்கு 12, வைசியருக்கு 15, சூத்திரருக்கு ஒரு மாதம். இறந்த சூத்திரரை நகரத்தின் தெற்கு வாசல் வழியாகவும், மற்ற மூன்று வருணத்தாரை வேறு வேறு வாசல்கள் வழியாகவும் எடுத்துச் செல்ல வேண்டும். பிணத்துக்குத் தனி வழி என்பது நம் ஊர்க்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. மரணம் எல்லோரையும் சமமாக்கும் என்று சொல்வார்களே, அந்தச் சமத்துவம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட சட்டம் இது. இங்கே மரணம் அடுத்த பிறவிக்கான வாசல். அந்த அடுத்த பிறவியைக் காட்டித்தான் இந்தப் பிறவியின் இழிவை நியாயப்படுத்துகிறார்கள். "போன ஜென்மத்துப் பாவம்" என்ற மூன்று சொற்கள் போதும். குற்றவாளி தப்பிவிடுவான், பாதிக்கப்பட்டவன் குற்றவாளி ஆகிவிடுவான்.

கிறிஸ்தவத்தில் மறுபிறப்பு இல்லை. ஒரு வாழ்வு, ஒரு மரணம், பிறகு உயிர்த்தெழுதலும் தீர்ப்பும். மனிதர் எல்லோரும் கடவுளின் சாயல். போன ஜென்மம் என்ற விலங்கை அது ஒரே அடியில் உடைத்தது. நம் பாட்டன் பூட்டன்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். அதை எதிர்த்து நம் தோழர்கள் போராடினார்கள். இறுதித் தீர்ப்பு நாளில் எல்லோரும் சேர்ந்து எழுவார்கள் என்று நம்புகிறவர்கள், அதுவரை சேர்ந்து படுத்திருக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

இஸ்லாத்தில் மனிதர் இறைவனுக்கு உரியவர், அவனிடமே திரும்புகிறவர். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்று வெள்ளைத் துணிகள். பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அதே துணிதான். ஜனாஸா தொழுகையில் தோளோடு தோள் நிற்க வேண்டும். பிணத்துக்குத் தோள் கொடுப்பது நன்மை, அதில் தீட்டு இல்லை. 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனதற்குப் பணம்தான் காரணம் என்று நாடு முழுக்கக் கூச்சல் போட்டார்கள். தோளோடு தோள் என்பது நமக்கு என்ன விலை பெறும் என்று கூச்சல் போட்டவர்களுக்குத் தெரியாது. அங்கேயும் சாதி நுழைந்திருக்கிறது என்பதை வட இந்தியாவின் பஸ்மாந்தா இயக்கத்தினர் எடுத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பௌத்தத்தில் படைத்தவனும் இல்லை, நிலையான ஆன்மாவும் இல்லை. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியிடம், சாவே நடக்காத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். அவள் வீடு வீடாகப் போனாள், வெறுங்கையோடு திரும்பினாள். புத்தர் அவளுக்குச் சொர்க்கம் காட்டவில்லை. அவள் துக்கத்தை ஊரார் எல்லோருடைய துக்கத்தோடும் சேர்த்து வைத்தார்.

புரட்சியாளர் அம்பேத்கர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில், சிராத்தம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்பதும் ஒன்று. இறந்தவருக்கும் நமக்கும் நடுவில் தரகர் வேண்டாம் என்பதே இதன் பொருள். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், முற்பிறவி வினைதான் இப்பிறவி நிலையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை மறுத்தார். உடம்பின் கூறுகள் இயற்கையில் கலக்கின்றன, ஆன்மா ஒன்று கூடு விட்டுக் கூடு பாய்வதில்லை என்று விளக்கினார். அந்தப் புத்தகம் அச்சாகி வந்தபோது அவர் இல்லை. மதம் மாறி இரண்டு மாதம் நிறைவதற்குள், டிசம்பர் 6 அன்று மறைந்துவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் மும்பை தாதரில் உள்ள சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் போகிற மக்கள் அங்கே வரம் கேட்பதில்லை. கை நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இனி நம் தெருமுனைச் சாமிகள். இங்கேதான் நம் இளம் தோழர்கள் அவசரப்படுகிறார்கள். மதுரைவீரன் யார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் யார்? பார்ப்பனப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். கதைப்பாடல்கள் இப்படித்தான் சொல்கின்றன. வானத்திலிருந்து இறங்கி வந்தவர்களாக இவர்களை நம் மக்கள் கும்பிடவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவனைச் செத்துப்போனவனாக ஏற்க மறுத்து, பொங்கலும் கறியும் சாராயமும் சுருட்டும் படைத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். வழக்குப் போட நீதிமன்றம் இல்லாத காலத்தில், நடந்த கொலையை மறக்காமல் வைத்திருக்க அவர்களுக்குத் தெரிந்த வழி இது. நம் பாட்டிமார் சாமியாடியதில் பாதி சாட்சி சொன்னதுதான்.

அதற்காக இந்தச் சாமிகளை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கதைக்குள்ளும் கை வைத்திருக்கிறார்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த மதுரைவீரன் உண்மையில் காசி ராஜா மகன் என்று ஒரு கதை. முத்துப்பட்டன் மணந்த சக்கிலியப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்று ஒரு கதை. பெரியபுராணத்து நந்தனார் தில்லையில் தீக்குள் இறங்கிப் பூணூல் மார்போடு எழுகிறார். வீரம் நம்முடையது, பிறப்பை மட்டும் திருத்திவிடுகிறார்கள். நந்தன் ஒரு பௌத்த அரசன் என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதியது இந்தத் திருத்தலுக்கு எதிரான மறுவாசிப்பு. கும்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. கொலையை மறக்கச் சொல்கிற கதை எது, நினைவில் வைக்கச் சொல்கிற கதை எது என்று பிரித்துப் பார்ப்பது நம் எல்லோருடைய வேலை.

பறைக்கும் இதே நியாயம்தான். சாவுக்குப் பறை அடிப்பது நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில். அடிக்க மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள், ஊரை விட்டு விலக்கப்பட்டவர்கள் உண்டு. பேரனின் கோபம் அங்கிருந்து வருகிறது, அதில் தவறில்லை. ஆனால் அன்று அவன் பெரியப்பா கேட்டதும் எங்கள் காதில் இன்னும் நிற்கிறது: "ஊர்ல செத்தவனுக்கெல்லாம் அடிச்சோம். எங்கம்மாவுக்கு அடிக்கக் கூடாதா?" அடுத்தவன் பிணத்துக்குக் கட்டாயத்தில் அடிப்பது வேறு, நம் தாயை நாமே அடித்து வழியனுப்புவது வேறு. அந்த வித்தியாசத்தை அந்த வாசலில் நாங்கள் யோசிக்கவில்லை. துக்க வீட்டில் தத்துவம் பேசி ஜெயிக்கப் பார்த்தோம். அது எங்கள் தவறு.

அந்தச் சேறு அந்த ஒரு ஊரில் மட்டும் இல்லை. 2016 ஜனவரியில் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில், நூறு வயது தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துச் செல்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும், காவல்துறை உடலைக் கைப்பற்றி வேறு வழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கினார்கள். இறந்தவர்கள் எந்தக் கடவுளைக் கும்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாதியைத்தான் கேட்டார்கள்.

ஆகவே தோழர்களே, படியுங்கள். கீதையையும் மனுவையும் விவிலியத்தையும் குர்ஆனையும் தம்மத்தையும் படியுங்கள், விவாதம் செய்யுங்கள். ஆனால் துக்க வீட்டு வாசலில் அதை ஆரம்பிக்காதீர்கள். அங்கே முதல் கேள்வி வழி பற்றியதாக இருக்கட்டும். திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இடுகாடு, சுடுகாடு, பொதுப்பாதை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதன்படி குற்றம். நம்மைப் பிணம் சுமக்கவைப்பதும் குழி வெட்டவைப்பதும் குற்றம். உங்கள் சேரியின் சுடுகாடு எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அதற்குப் பாதை வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறதா, இருந்தால் இப்போது யார் பயிர் வைத்திருக்கிறார்கள்? மழைக்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். பிணம் விழுந்த பிறகு தேடினால் கிடைக்காது.

பாட்டியின் பதினாறாம் நாள் முடிந்ததும், பாதை கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதினோம். தீ மிதிக்கிற மகன், ஜெபம் பண்ணுகிற மகள், நீலத் துண்டு போட்ட பேரன் என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். செத்த பிறகு பாட்டி எங்கே போனார் என்பதில் அவர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. மனுவுக்குப் பதிலும் வரவில்லை. அடுத்த திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மறுபடியும் போகிறோம். வருகிறவர்கள் வாருங்கள்.