அகமதாபாத்தில் யாருக்கு என்ன பயிற்சி?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்டிருக்கிறது. இத்தகைய போட்டிகளோடு எப்போதும் ஒரு வாக்குறுதி வரும்: இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, அதன்வழி வேலை. பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 2010இல் டெல்லியில் நடந்ததை மறந்துவிட்டு இதற்குக் கைதட்ட முடியாது.

பட்டியல் சாதி மக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திட்ட நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, அதைக் கல்வி, தொழிற்பயிற்சி, சுயதொழில், வீடு என்று அவர்களுக்கே செலவிட வேண்டும். சிறப்புக்கூறு திட்டம் அதற்காகத்தான் வந்தது. அந்த நிதியிலிருந்து 744 கோடி ரூபாயை டெல்லி அரசு காமன்வெல்த் போட்டிக்குத் திருப்பிவிட்டதை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கிய ஆவணங்களைக் கொண்டு செயல்பாட்டாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில் சொன்ன தொகை சுமார் 678 கோடி. அப்படித் திருப்பியது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். பயிற்சிக்கும் படிப்புக்கும் போயிருக்க வேண்டிய பணத்தை எடுத்து விளையாட்டு விழா நடத்தியவர்கள்தான், விழாவால் வேலை கிடைக்கும் என்றும் சொன்னார்கள். மேம்பாலத்தில் தலித்துகளும்தானே போகிறார்கள் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நாட்டின் எல்லா நிதியும் தலித் நிதிதான்!

இதற்கும் முன்னால் 1982 ஆசிய விளையாட்டு. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசாவிலிருந்து வந்து கட்டுமானத்தில் உழைத்தவர்களுக்கு அன்று குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9.25 ரூபாய். அதிலும் ஆள்பிடித்து வந்த ஜமாதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த வழக்கில்தான்.

அகமதாபாத்தில் நான் அஞ்சுவது பயிற்சி இல்லாமல் போவதைப் பற்றி அல்ல, பயிற்சியே சாதிவாரியாகப் பிரிந்துபோவதைப் பற்றி. ஒளிபரப்புத் தொழில்நுட்பம், விளையாட்டு மருத்துவம், அரங்க மேலாண்மை ஆகியவற்றுக்கு ஆங்கிலமும் பட்டமும் கேட்பார்கள். ஹவுஸ்கீப்பிங்குக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தலைமுறையாகத் துடைப்பத்தைக் கையில் திணித்த சமூகம், இப்போது அதற்கு ஒரு சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கும். இருபது வருடம் கொத்து வேலை பார்த்தவருக்கு ஒரு குறுகிய தேர்வு வைத்து, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைக்கே சான்றிதழ் தரும் ஏற்பாடு ஒன்றிய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. அதனால் அவருக்குப் பயன் இருக்கலாம். ஆனால் அவரையும் ‘பயிற்சி பெற்றோர்’ கணக்கில் சேர்த்துக் காட்டுவது மோசடி.

எனவே எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பிரிவினருக்கு எந்தத் தொழிலில் பயிற்சி, போட்டி முடிந்து ஒரு வருடம் கழித்து என்ன வேலை, என்ன சம்பளம் என்று அரசு வெளியிட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போட்டிக்குப் போகவில்லை என்பதை ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் காட்ட வேண்டும். டெல்லி விவகாரம் வெளியே வந்தது போட்டி நடந்த ஆண்டில், பணம் கைமாறிய பிறகு. 2030க்கு இன்னும் காலம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமை மனுக்களை இப்போதே போடத் தொடங்கலாம்.