சீட்டாட மேசை போட்ட ஐ.ஐ.டி இன்ஜினீயர்... 30 கோடி டாலரைக் கட்டிவிட்டு வெளியேறிய கதை!

2008 டிசம்பர் மாதம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இருக்கும் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு, ஜிப்ரால்டரில் வசிக்கும் ஓர் இந்தியர் தானாகவே வந்து நின்றார். போலீஸ் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவரவில்லை. இன்டர்நெட் வழியாகச் சூதாட்டம் நடத்தியது குற்றம்தான் என்று நீதிபதி முன்பு ஒப்புக்கொண்டார். 30 கோடி டாலரை அமெரிக்க அரசிடம் கட்டுவதற்கும் சம்மதித்தார். அன்றைய மதிப்பில் சுமார் 1,400 கோடி ரூபாய்!

அவர் பெயர் அனுராக் தீட்சித். டெல்லி ஐ.ஐ.டி-யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய ஆன்லைன் சீட்டாட்டத் தளமாக இருந்த 'பார்ட்டிபோக்கர்' ஓடியது இவர் உருவாக்கிய சாஃப்ட்வேரில்தான்.

அப்படிப்பட்டவர் ஏன் நீதிமன்றத்தில் போய் நின்றார்?

ஒரு வக்கீல், இரண்டு ஐ.ஐ.டி நண்பர்கள்

ரூத் பரசோல், அமெரிக்காவைச் சேர்ந்த வக்கீல். 1997-ல் ஆன்லைன் கேசினோ ஒன்றைத் தொடங்கினார். அதற்கு நல்ல சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்த அனுராக் தீட்சித் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபதுகளின் பின்பாதி வயது. கொஞ்ச நாளில் தன் ஐ.ஐ.டி நண்பர் விக்ராந்த் பார்கவாவையும் அழைத்துக்கொண்டார். இன்ஜினீயரிங் அனுராக் கையில், மார்க்கெட்டிங் விக்ராந்த் கையில்.

2001-ல் பார்ட்டிபோக்கர் தொடங்கியது. தாய் நிறுவனத்தின் பெயர் பார்ட்டிகேமிங். தலைமை அலுவலகம் ஜிப்ரால்டரில், சாஃப்ட்வேரும் வாடிக்கையாளர் சேவையும் ஹைதராபாத்தில். ஆடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள்.

2003-ல் இந்தத் தொழிலுக்கே எதிர்பாராத ஒரு யோகம் அடித்தது. கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுன்டன்ட், இன்னொரு தளத்தில் 100 டாலருக்கும் குறைவான கட்டணம் கட்டித் தகுதிச் சுற்றில் ஜெயித்தார். அதன் மூலம் லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். பெயரே மணிமேக்கர்! 'வீட்டில் உட்கார்ந்து ஆடியவருக்கே இவ்வளவு கிடைத்ததா?' என்று லட்சக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள்.

மேசைக்குத் தோல்வியே இல்லை!

இந்தத் தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. போக்கரில் ஆடுபவர்கள் மோதுவது ஒருவரோடு ஒருவர்தான், தளத்தோடு இல்லை. யார் ஜெயித்தாலும் தளத்துக்குக் கவலை கிடையாது. நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கை, அதாவது கமிஷனை, அது எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர் தலைக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 6,000. ஒவ்வோர் ஆட்டத்திலும் கமிஷனாக சராசரியாக 20 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் முடியும்போது 2,000 ரூபாய் மேசையை விட்டே போயிருக்கும். ஆறு பேருக்கும் சேர்த்து மிச்சம் 4,000 மட்டுமே. யாரோ ஒருவர் ஜெயித்த சந்தோஷத்தில் இருப்பார். ஆனால், ஆறு பேரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் நஷ்டம்தான்.

நிஜ கேசினோவில் ஒருவர் சீட்டைக் கலைத்து, போட்டு, பணத்தை எண்ணி நகர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஆட்டம் நடந்தால் பெரிது. கம்ப்யூட்டருக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஒரே ஆள் நான்கு மேசைகளில்கூட ஒரே சமயத்தில் ஆடலாம். ஒவ்வொரு மேசையிலிருந்தும் கமிஷன் தனித்தனியாகப் போகும்.

அனுராக் குழு தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்களும் இதைச் சுற்றியவைதான். ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் ஆடினாலும் தளம் விழக் கூடாது. அடுத்த சீட்டு எது என்று யாராலும் ஊகிக்க முடியக் கூடாது. இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்றாவது ஆளை ஏமாற்றினால் கண்டுபிடிக்க வேண்டும். மேசை நேர்மையானது என்று நம்பினால்தான் ஆட்கள் மறுபடி வருவார்கள்.

விமான நிறுவனத்தை மிஞ்சிய மதிப்பு

2004-ல் பார்ட்டிகேமிங்கின் வருமானம் சுமார் 60 கோடி டாலர். 2005 ஜூனில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. மதிப்பு 460 கோடி பவுண்டுக்கும் மேல்! அன்றைக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸின் பங்குச் சந்தை மதிப்பைவிட அது அதிகம். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த அனுராக், உலகப் பணக்காரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

இத்தனைக்கும், முதலீட்டாளர்களிடம் எதையும் மறைக்கவில்லை. பங்கு வெளியீட்டு ஆவணத்திலேயே அபாயம் எழுதப்பட்டிருந்தது. வருமானத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அமெரிக்க நீதித்துறையோ இந்தத் தொழிலே சட்டவிரோதம் என்கிறது. இரண்டையும் படித்துவிட்டுத்தான் பெரிய பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பங்கை வாங்கின. 'இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லையே, இனி மட்டும் என்ன நடந்துவிடும்?' என்ற நம்பிக்கைதான்.

ஒரே நாளில் பாதிக்கும் மேல் காலி

2006 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. அது துறைமுகப் பாதுகாப்பு பற்றியது. அதன் கடைசியில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டத்தையும் ஒட்டிவைத்திருந்தார்கள். ஆடுபவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்றது. குழாயை மூடிவிட்டால் தண்ணீர் எப்படி வரும்?

அக்டோபர் 2, திங்கட்கிழமை. லண்டன் சந்தை திறந்ததும் பார்ட்டிகேமிங் பங்கு சரிந்தது. அன்று ஒரே நாளில் சுமார் 58 சதவிகித மதிப்பு போனது. அதிபர் புஷ் கையெழுத்திட்ட அக்டோபர் 13-ம் தேதியே, அமெரிக்கர்களுக்கான பண ஆட்டத்தை நிறுவனம் நிறுத்தியது. அனுராக் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். ஆனால், நடந்து முடிந்த வருடங்களுக்குக் கணக்கு கேட்கும் வேலையை அமெரிக்க நீதித்துறை விடவில்லை.

அதன் முடிவுதான் 2008 டிசம்பரில் நடந்த ஒப்புதல். அனுராக் மீது போடப்பட்டது 1961-ல் வந்த 'வயர் ஆக்ட்' என்ற சட்டம். டெலிபோன் கம்பி வழியாகப் பந்தயம் வாங்கிய புக்கிகளை ஒடுக்கக் கொண்டுவந்தது அது. நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய முக்கியப் பங்குதாரர்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் அனுராக் மட்டுமே. தொழில் அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது ஒரு கட்டத்தில் தனக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அவர் நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம். அதிகபட்சம் இரண்டு வருட சிறைத் தண்டனை கிடைத்திருக்கலாம். 2010 டிசம்பரில் நீதிபதி ஜெட் ரகோஃப், சிறை வேண்டாம், ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு போதும் என்று தீர்ப்பளித்தார். நிறுவனம் தன் பங்குக்கு 10.5 கோடி டாலர் கட்டித் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது.

அப்புறம்தான் ட்விஸ்ட்!

தீர்ப்பு வந்து சரியாக ஒரு வருடம். 2011 டிசம்பரில் அதே அமெரிக்க நீதித்துறை ஒரு சட்ட விளக்கத்தை வெளியிட்டது. வயர் ஆக்ட் என்பது விளையாட்டுப் பந்தயங்களுக்கு மட்டும்தான் பொருந்தும் என்றது அந்த விளக்கம். அப்படியானால் போக்கர் அதில் வரவே வராது! 2013-ல் நியூ ஜெர்சி மாநிலம் ஆன்லைன் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்தபோது, பார்ட்டிபோக்கர் சட்டப்படியே அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது.

போட்டியாளரின் கதை இன்னும் விசித்திரம். 2006 சட்டத்துக்குப் பிறகும் அமெரிக்காவை விட்டுப் போகாமல் முதலிடத்தைப் பிடித்தது போக்கர்ஸ்டார்ஸ். அதன் நிறுவனர் ஐசாய் ஷைன்பெர்க்கும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர்தான். 2011-ல் அவர் மீது வழக்கு பாய்ந்தது. மறு வருடம் நிறுவனம் 73.1 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2020-ல். அவருக்குத் தனிப்பட்ட முறையில் கிடைத்த அபராதம் 30,000 டாலர்!

அப்படியென்றால் அனுராக் அவசரப்பட்டு ஏமாந்துவிட்டாரா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மாநிலச் சட்டங்கள் தனியாக இருந்தன. பல மாநிலங்களில் சூதாட்டத்துக்கு அனுமதி இல்லை. சட்டத்துக்கான விளக்கம் பின்னால் மாறலாம். தவறாக இருக்கக்கூடும் என்று தெரிந்தும் நடத்தினேன் என்ற ஒப்புதலை எந்த விளக்கமும் மாற்றிவிடாது.

பங்குகளை விற்றுவிட்டுத் தொழிலிலிருந்து வெளியேறிய அனுராக், மனைவி சோமாவுடன் சேர்ந்து தொடங்கிய குசுமா அறக்கட்டளை மூலம் கல்விக்குச் செலவு செய்கிறார். டெல்லி ஐ.ஐ.டி-யின் உயிரியல் துறைக்கு இன்று 'குசுமா ஸ்கூல்' என்றுதான் பெயர்.

நம் கைக்கு வந்த மேசை

அனுராக் போட்ட மேசை கம்ப்யூட்டரில் இருந்தது. அதே மேசை பிறகு நம் செல்போனுக்கு ரம்மியாகவும் போக்கராகவும் வந்தது. இங்கும் அதே வாதம்: 'இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை.' தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் ஆடுபவர்களைத் தண்டிக்காமல், நடத்துபவர்களையும் பணம் அனுப்பும் வங்கிகளையும்தான் பிடிக்கிறது. 2006-ல் அமெரிக்கா மூடிய அதே குழாய்!

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. மேசை போட்டவர் கட்டிய 30 கோடி டாலர் போனது அமெரிக்க அரசின் கஜானாவுக்கு. ராத்திரி முழுக்க கண்விழித்து அந்த மேசையில் தோற்றவர்கள் வீட்டுக்கு அந்தப் பணம் திரும்பி வரவில்லை.