குழந்தையின் கண்ணுக்கு ஆள் இல்லை

கண் மருத்துவ எம்.எஸ். மூன்றாம் ஆண்டு முடியும் தறுவாயில் விடுதி அறைகளில் ஓடும் பேச்சு ஒன்றுதான்: அடுத்து எதில் ஃபெல்லோஷிப்? ரெட்டினா, கார்னியா, லேசிக் என்று விரல்கள் மடங்கும். யாராவது குழந்தைகள் கண் பிரிவு என்று சொல்லிவிட்டால், "அதில் என்ன கிடைக்கும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கணக்கு பொய்யில்லை. கைதேர்ந்தவருக்குப் பெரியவர் ஒருவரின் புரை அறுவை கால் மணி நேர வேலை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கவைத்தால் போதும். அதே புரை கைக்குழந்தைக்கு என்றால் முழு மயக்கம் வேண்டும், சிசுக்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் வேண்டும், அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் கண்ணாடியும் சோதனையும் தொடர வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் நான்கு வயதுப் பிள்ளையின் நல்ல கண்ணை மூடிப் பாருங்கள். பட்டையின் ஓரத்தை நகத்தால் பிரித்து எட்டிப் பார்க்கும். பொம்மை காட்டி, அழுகையை ஆற்றிச் சோதித்து முடிப்பதற்குள் அரை மணி கரைந்திருக்கும். ரசீதில் அந்த அரை மணிக்கு விலை இல்லை.

ஆனால் குழந்தையின் கண் காத்திருக்காது. ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்தில் அகற்ற வேண்டும். தவறினால், பிறகு எவ்வளவு நேர்த்தியாக அறுத்தாலும் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றிருக்காது. 34 வாரம் நிறையாமலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையை நான்கு வாரங்களுக்குள் சோதிக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு வழிகாட்டுநெறி. 1996இல் சென்னை அரசு மருத்துவமனையொன்றில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை. பெற்றோரிடம் எச்சரித்துச் சொல்லவும் இல்லை. பார்வை முழுதும் போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்பிப் பேரனைத் தாமதமாகக் கூட்டிவரும் பாட்டியை ஏசுகிறோமே, படித்தவர்கள் செய்த இந்தத் தாமதத்துக்கு என்ன பெயர்?

இளம் மருத்துவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று பழிப்பது எளிது, அநியாயமும்கூட. கல்விக் கடனோடு நிற்பவர் வருமானம் பார்ப்பது குற்றமாகாது. குற்றம் அவருக்கு முன்னால் இருப்பவர்களுடையது. மாறுகண் அறுவை ஒன்றைக்கூட மாணவர் கையில் கொடுக்காமல் மூன்றாண்டு முடிக்கவிடும் பேராசிரியர்களுக்கும், அந்த அறுவையை அழகுக்கான செலவென்று ஒதுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும், மாவட்டந்தோறும் இதற்கென ஒரு பணியிடத்தை உறுதிசெய்யாத அரசுக்கும் இதில் பங்குண்டு. மூவரில் அரசின் குற்றமே பெரிது, ஏனெனில் மாற்றும் வழி அதன் கையிலேயே இருக்கிறது.

மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதியைப் பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கென்று ஒதுக்கும் மாநிலம் இது. அவ்வழியே கண் மருத்துவம் முடிப்பவர்களில் சிலரை முழு ஊதியத்தோடு குழந்தைகள் கண் பயிற்சிக்கு அனுப்பலாம். அவர்கள் பணியேற்கும் ஊரில் மயக்க மருத்துவரையும் கருவிகளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். பணியிடத்தை எழுத்தில் உறுதிசெய்துவிட்டு அனுப்பினால் போகத் தயாராக இருப்பவர்கள் உண்டு. அடுத்த கலந்தாய்வுக்கு முன் அதற்கான அரசாணை வந்தாக வேண்டும்.