தீயணைப்பு வேலைக்கு இன்டர்வியூ கிடையாது!



நம்ம நாகலூர்ப் பசங்களில் நிறைய பேருக்குத் தீயணைப்பு வீரர் ஆகணும்னு ஆசை. மாசி, பங்குனியில் மலைச்சரிவில் சருகு பத்திக்கிட்டுப் புகையுறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம, ஆசை வராம இருக்குமா? ஆனா எல்லாரும் முதல்ல கேக்குறது, "இன்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்பதுதான். ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வே இல்லை. சிபாரிசுக்கு ஆள் தேடி அலையற வேலையும் மிச்சம்!

காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூணுக்கும் சேர்த்து சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்குது. 2025 அறிவிப்பில் தீயணைப்பாளர் இடம் மட்டும் 631. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24. அதுக்கு முன்னாடி தமிழ்த் தகுதித் தேர்வு ஒண்ணு இருக்கு. அதில் 40 சதவீதம் வாங்கலைன்னா மத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டாங்க. தமிழ்தானேன்னு தூங்குறவங்க கவனிக்கணும்.

1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். மேடு பள்ளத்துல தினம் நடக்குற நமக்கு இது முடியும். கயிறு ஏறணும். சில்வர் ஓக் மரத்துல ஒத்தை மூங்கில் ஏணி போட்டு மிளகு பறிக்கிற ஆளுங்க நம்ம வீட்டிலேயே இருக்காங்களே! ஆனா ஏணி வேற, கயிறு வேற. கயித்துல கால் பிடிக்கத் தெரியலைன்னா கை மட்டும் தாங்காது.

என் கருத்து என்னன்னா, நம்ம பசங்க உடம்புல தோக்க மாட்டாங்க, காகிதத்துல தோத்துடுவாங்க. உயரம் பொதுவா 170 செ.மீ. கேக்குறாங்க, ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 167 போதும். அந்த 3 செ.மீ. சலுகை சாதிச் சான்றிதழ் கையில இருந்தாத்தான். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தரணும். அறிவிப்பு வந்த பிறகு மலை இறங்கி ஓடினா முடியுமா? ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா அம்மாவை விண்ணப்பிக்கச் சொல்லுங்க. தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதுக்கும் பள்ளியில் சான்றிதழ் வாங்கணும். விளையாட்டுல ஜெயிச்ச சான்றிதழைப் பரண்ல போட்டுக் கரையானுக்குக் கொடுக்காதீங்க, அதுக்கும் மதிப்பெண் இருக்கு.

மாணவிகள் கோபிக்கிறது நியாயம்தான். அந்த 631 இடமும் ஆண்களுக்கு. இது மாறணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா வேற வழி ஒண்ணு இருக்கு. பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ரெண்டு பேரும் 2003-ல் குரூப் 1 தேர்வு எழுதி நேரா தீயணைப்பு அதிகாரியாவே வந்தாங்க. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீ விபத்தில் பிரியா அவர்கள் உள்ளே போய்ப் பலத்த காயம்பட்டாங்க. அதே தீயில் அவரோட பணிபுரிந்த வீரர் ஒருத்தர் உயிரையே விட்டார். குரூப் 1-க்கு பட்டம் வேணும், இன்டர்வியூவும் உண்டு. பேசிப் பழகுறவங்க அதுக்குப் பழகுங்க!

உடற்கல்வி ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். மைதானத்து ஓரம் இருக்கிற பெரிய மரத்துல ஒரு நல்ல கயிறு கட்டிக் கொடுங்க ஐயா. கீழே போட மணல் நாங்க சுமந்துட்டு வர்றோம்.