பெயரில் மட்டும் தோட்டம்

விடியற்காலையிலேயே முதுகில் பைச்சுமையுடன் மூன்றகவைப் பிள்ளைகள் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஊர்திகளில் ஏற்றப்படுகின்றனர். அவர்கள் செல்லும் வகுப்பிற்கு எல்.கே.சி. என்று பெயர். அவ்வெழுத்துகளுள் பின்னிரண்டும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் செருமானியச் சொல்லின் சுருக்கம். பொருள், 'குழந்தைகள் தோட்டம்'. தோட்டம் எங்கே? நான்கு சுவர்களும் கரும்பலகையும் கைகட்டி வாய்பொத்தி அமர்தலுமே அங்குள்ளன!

அச்சொல்லை 1840-இல் ஆக்கியவர் பிரோபெல் என்னும் செருமானிய அறிஞர். துரிங்கியக் காட்டுப் பகுதியில் 1782-இல் பிறந்து, இளமையில் காட்டுத்துறைத் தொழில் பயின்றவர் அவர். பிள்ளையைப் பயிராகவும் ஆசிரியரைத் தோட்டக்காரராகவும் கண்ட அவர், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி வேண்டும் என்றார். விதையூன்றி, நீர்விட்டு, முளைக்கும்வரை பொறுத்திருத்தலே அங்குப் பாடம். 1851-இல் புருசிய அரசு இத்தகைய பள்ளிகளைத் தடைசெய்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார்; 1860-இல் தடை நீங்கியது. பாத்தி பிழைத்தது.

பின்னர், 1950-களில் தென்மார்க்கு நாட்டில் சுவரே இல்லாத மழலைப் பள்ளி தோன்றியது. செருமானிய நாட்டின் பிளென்சுபர்க்கு நகரில் 1993-இல் அத்தகைய காட்டுப் பள்ளி அரசின் ஏற்பைப் பெற்றது. இன்று அந்நாட்டில் அவை ஆயிரத்திற்கும் மேற்பட்டுள்ளன. மழையிலும் பனியிலும் பிள்ளைகள் வெளியிலேயே உலவுவர். கடும்புயலின்போது மட்டும் காட்டைத் தவிர்ப்பர். கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள்கள் அங்கு இல்லை. குச்சியும் கூழாங்கல்லும் காயும் களிமண்ணுமே கருவிகள்.

"இவர்கள் பள்ளிக்குச் சென்றால் பின்தங்கமாட்டார்களா?" என்று பெற்றோர் வினவுவது இயல்பே. ஐடல்பர்க்குப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் வெளிவந்த ஆய்வொன்று, முதல் வகுப்பு ஆசிரியர்களின் மதிப்பீட்டைத் திரட்டியது. கற்கும் ஆர்வத்திலும், பிறரொடு இணங்கி நடத்தலிலும், வகுப்பில் பங்குகொள்வதிலும் காட்டுப் பள்ளிப் பிள்ளைகள் முன்நின்றனர். நுண்ணிய கைவேலையில் மட்டும் பிறர் சற்று மேம்பட்டிருந்தனர். அக்குறை பயிற்சியால் நீங்கும். ஆர்வம் கருகிய நெஞ்சைத் தளிர்க்கச் செய்வதோ அரிது.

மணிக்கட்டில் எலும்புகள் எட்டு. மூன்றகவையில் அவற்றுட் பெரும்பாலானவை இன்னும் முற்றாத குருத்தெலும்புகளே. அந்தக் கையில் எழுதுகோலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுத வைப்பது கல்வியா, கொடுமையா? மரமேறிக் கிளைபற்றிய கை பின்னர் எழுதுகோலையும் உறுதியாகப் பற்றும். குயிலோசையையும் மயிலோசையையும் பிரித்தறிந்த செவி லகர ளகர ழகரங்களையும் பிரித்தறியும். புளியங்கொட்டையை எண்ணிய விரலுக்குக் கூட்டல் புதிதன்று.

இதற்கு அடர்காடு வேண்டுவதில்லை. ஒரு வேப்பமர நிழலும், ஒரு பிடி மண்ணும், அவரை விதை நான்கும், பிள்ளையின் வினாவிற்குத் தாய்மொழியில் விடைகூறும் ஓர் ஆசிரியரும் போதும். வேலியிடுதல், நிழலமைத்தல், பாம்பு தேள் அண்டாமற் காத்தல் ஆகியவை பெரியோர் கடமை.

நாற்றங்காலில் நெருக்கி நசுக்கிய பயிர் வயலில் தழைக்காது. பணங்கட்டிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், பள்ளியின் வாயிலில் நின்று ஒரே ஒரு வினாவை எழுப்புக: "தோட்டம் எங்கே?" விடையில்லையேல், அங்கே பிள்ளையை விடாதிருப்பதே அறிவுடைமை!