பார்ப்பது பாதி, எழுதி வைப்பது மீதி

பிரான்ஸைப் பார்ப்பதென்றால் பாரிஸுக்குத்தான் போக வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். வன்னியில் இருப்பவர்களுக்குப் பாரிஸ் தெரியாத ஊர் அல்ல. எங்கள் முன்வீட்டு அக்காவின் மாமா அங்கே லா சப்பலில் கடை வைத்திருக்கிறார். ஈபெல் கோபுரத்துக்கு முன்னால் நின்று அவர் எடுத்த படம் அவர்களது வீட்டுச் சுவரில் பல வருடங்களாகத் தொங்குகிறது. எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை. ஆனால் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலம் ஆண்ட இரண்டு ஊர்களைத் தமிழ் பேசிக்கொண்டே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அவை காரைக்காலும் பாண்டிச்சேரியும்.

பயணத்துக்குக் காரணம் என் உம்மும்மா. நாகூரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நீண்டகால ஆசை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியபோதே வாப்பாவிடம் சொல்லி வைத்துவிட்டார். இடையில் நின்றிருந்த சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நாகூரிலிருந்து காரைக்கால் பஸ்ஸில் போகும் தூரம்தான் என்று அறிந்ததும் நான் வாப்பாவைப் பிடித்துக்கொண்டேன். வரலாறு எனது உயர்தரப் பாடங்களில் ஒன்று.

வீட்டில் எதிர்ப்பும் இருந்தது. “அடுத்த வருஷம் சோதனை. படிக்கிற பிள்ளைக்கு, அதுவும் பொம்பிளைப் பிள்ளைக்கு, ஊர் சுத்தல் எதுக்கு?” என்று மாமி கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. பல வீடுகளில் பெற்றோர் கேட்கும் கேள்விதான் அது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தரும் பதில்.

நாகூரில் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த, 131 அடி உயரமான மனாராவின் கீழ் நின்று உம்மும்மா அழுதார். மறுநாள் காரைக்கால் போனோம். மாநில எல்லையைக் கடந்ததும் கண்ணில் பட்டது பொலிஸ்காரரின் தொப்பி. மற்ற இடங்களில் காண முடியாத சிவப்பு நிறத் தொப்பி அது. பிரெஞ்சுக் காலத்தின் மிச்சம் என்றார் வாப்பா. பிரெஞ்சுக்காரர் 1739இல் காரைக்காலைக் கைப்பற்றினார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள். சட்டப்படியான கையளிப்பு 1962 ஓகஸ்ட் 16இல்தான் நடந்தது. அப்போது அங்கு இருந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்யலாம் என்று ஒப்பந்தம் இருந்தது. ஒரு தேநீர்க் கடையில் வாப்பாவுடன் கதைத்த முதியவரின் குடும்பம் அப்படித் தெரிவு செய்த குடும்பம். அவருடைய வாப்பா சைகோனில் வியாபாரம் செய்தவராம். வியட்நாமும் அப்போது பிரான்ஸின் கீழ் இருந்ததால் காரைக்கால் முஸ்லிம்கள் பலர் அங்கே போய்த் தொழில் செய்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் அந்த நகரத்தின் நடுவில் இன்றும் இருக்கிறது. தொப்பி அணிந்து, சாரம் உடுத்து, எங்கள் அப்பாமாரைப் போலவே தமிழ் பேசிய அந்த மனிதர் சட்டப்படி பிரெஞ்சுக்காரர்! ஒரு நாட்டின் வரலாறு அந்த நாட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை என்று அன்றுதான் விளங்கியது.

பாண்டிச்சேரி காரைக்காலை விடப் பெரிய அதிசயம். கடற்கரைப் பக்கத்தில் மஞ்சளும் வெள்ளையும் பூசிய சுவர்கள், உயரமான கதவுகள், மதிலுக்கு மேலால் தொங்கும் காகிதப் பூக்கள். பிரெஞ்சும் தமிழும் எழுதிய நீலநிற வீதிப் பலகைகள். ஒரு பலகையில் ‘சுஃப்ரேன்’ என்ற பெயரைக் கண்டதும் நின்றுவிட்டேன். 1782 ஓகஸ்ட் மாத இறுதியில் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அவர். எங்கள் நாட்டுக் கோட்டையைப் பிடித்தவரின் பெயரில் கடலுக்கு அப்பால் ஒரு வீதி. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை அன்று ஒரு வீதியாக நடந்து பார்த்தேன். மாமியின் கேள்விக்கு இது முதலாவது பதில்.

ஆனால் அங்கே வருகிற பெரும்பாலானோர் அந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள்தான் கால்வாயைக் கடந்தோம். ஊரின் நடுவே ஒரு கால்வாய் போகிறது. அதன் கிழக்கே கடற்கரைப் பக்கம் வெள்ளையர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. முன்பு அவற்றை வெள்ளை நகர், கறுப்பு நகர் என்றே அழைத்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்குச் சொன்ன தேசம், தான் ஆண்ட ஊரை நிறத்தின்படி பிரித்து வைத்திருந்தது. அழகைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கால்வாயின் ஒரு கரையை மட்டும் பார்த்தால் அது பாதி வரலாறு என்றுதான் சொல்கிறேன்.

மேற்குக் கரையில் திண்ணை வைத்த வீடுகள் இருக்கின்றன. வீதிப் பக்கம் மரத்தூண்கள், அவற்றின் மேல் ஓட்டுச் சாய்ப்பு. காஜியார், முல்லா என்ற பெயர்களைத் தாங்கிய முஸ்லிம் வீதிகளும் இருக்கின்றன. பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு பழைய மாளிகையை வெளியில் நின்று பார்த்தோம். அது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு.

அவர் 1709இல் பிறந்த ஒரு தமிழ் வியாபாரி. பிறகு ஆளுநர் துப்ளெக்ஸின் தலைமைத் துபாஷியாக இருந்தார். துபாஷி என்றால் இரு மொழி தெரிந்த இடையாள். அவருடைய பெயர் நிலைத்தது பதவியாலோ பணத்தாலோ அல்ல. 1736 செப்டெம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, ஆளுநர் யாரைக் கோபித்தார், ஊரில் என்ன வதந்தி என்று எல்லாவற்றையும் எழுதினார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் எழுதினார்.

அவர் இறந்த சில நாட்களில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். துப்ளெக்ஸ் பெரும் செலவில் கட்டுவித்த மாளிகையும் போயிற்று. இன்று எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்த அழகான வீதிகள் பிறகு மீண்டும் கட்டப்பட்டவை. ஆளுநரின் மாளிகை மிஞ்சவில்லை. அவரிடம் வேலை பார்த்தவரின் கொப்பிகள் மிஞ்சின. 1846இல் அவை வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். அந்தக் கால ஊரையும் மனிதரையும் ஒரு தமிழரின் கண்ணால் இன்று பார்க்க முடிகிறதென்றால் அதற்கு அந்தக் கொப்பிகள்தான் காரணம்.

வாப்பா இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது உம்மும்மா ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து களைப்பாறினார். கையால் அந்தத் திண்ணையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கட தண்ணீரூற்று வீட்டிலயும் இப்பிடித்தான் திண்ணை இருந்தது. உன்ர அப்பா அதில இருந்துதான் கடைக் கணக்கு எழுதுவார்.”

என் அப்பாவுக்கு, அதாவது உம்மும்மாவின் கணவருக்கு, ஊரில் ஒரு சிறிய கடை இருந்தது. சம்பளம் வந்ததும் தருகிறோம், நெல் வெட்டியதும் தருகிறோம் என்று சாமான் வாங்கிப் போனவர்களின் பெயர்களை ஒரு கடன் கொப்பியில் எழுதி வைத்திருந்தாராம். முஸ்லிம்களும் இருந்தார்களாம், தமிழர்களும் இருந்தார்களாம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மா தூக்கிக்கொண்டு போனது பிள்ளைகளையும் கொஞ்சம் உடுப்பையும்தான். கொப்பி கடையிலேயே கிடந்தது. அப்பா புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் பற்றைக்காடு. திண்ணையும் இல்லை.

“காசு போனதுக்கு நான் கவலைப்படேல்ல பிள்ளை. அந்தக் கொப்பி இருந்திருந்தா எங்கட ஊரில ஆர் ஆர் இருந்தவை எண்டாவது தெரிஞ்சிருக்கும்.”

உம்மும்மா சொன்ன இந்த வசனம்தான் நான் அந்தப் பயணத்தில் கற்ற பெரிய பாடம். ஒரு வியாபாரியின் கொப்பி தப்பியதால் ஓர் ஊரின் 25 ஆண்டுகள் உலகத்துக்குக் கிடைத்தன. இன்னொரு வியாபாரியின் கொப்பி தொலைந்ததால் ஓர் ஊர் ஒரு வயோதிபப் பெண்ணின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவருக்கு இப்போது 78 வயது.

எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பண்டாரவன்னியனைப் பற்றி நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்தில் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் அவரைத் தோற்கடித்தார் என்றுதான் சொன்னது. கல்லை நாட்டியவர்கள் வென்றவர்கள். எழுதுகிறவன் தன் பக்கத்தைத்தான் எழுதுவான். நம் பக்கத்தை நாம்தான் எழுத வேண்டும்.

“பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம்தான். நாங்கள் இன்று தமிழ் அயலவர்களோடு ஒரே சந்தையில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே பஸ்ஸில் இருக்கிறோம். ஆனால் எழுதுவது பழி தீர்ப்பதற்காக அல்ல. முன்வீட்டு அக்காவின் அம்மம்மா 2009இல் மாத்தளன் பக்கம் பட்டதை ஒருநாள் எங்கள் உம்மும்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள், மாறி மாறி அழுதார்கள். பிறகு தேநீர் குடித்தார்கள். புண் பெரிதாகவில்லை. அந்த அம்மம்மாவின் கதையையும் அவருடைய பேத்தி எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். கால்வாயின் இரு கரையும் எழுதப்பட்டால்தான் ஊர் முழுமையாகத் தெரியும்.

இனி மாமியின் கேள்விக்கு வருகிறேன். பிரயாணம் படிப்பைக் கெடுக்காது. பூமியில் பிரயாணம் செய்து முன்னிருந்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். அவரைப் போல எத்தனையோ வியாபாரிகளும் மாலுமிகளும் இங்கு வந்திருப்பார்கள். அவர் பெயர் மட்டும் நம் பாடத்தில் இருப்பதற்குக் காரணம், ஊர் திரும்பியபின் கண்டதைச் சொல்லி எழுதுவித்ததுதான். ஆனால் ஊர் சுற்றிவிட்டுப் போனில் படங்களை நிரப்பிக்கொண்டு வந்தால் மாமி சொன்னது சரியாகிவிடும். நான் நாகூரிலும் பாண்டிச்சேரியிலும் எடுத்த படங்கள் நானூறுக்கு மேல். அவற்றில் பாதி எந்த இடம் என்று இப்போது எனக்கே நினைவில்லை. இரவில் எழுதிய பதினொரு பக்கங்கள்தான் இந்தக் கட்டுரையாயின.

பெற்றோர்களே, எல்லோருக்கும் கடல் கடந்து போக வசதி இராது. எங்களுக்கும் வாப்பா இரண்டு வருடம் சேர்த்த காசு அது. அப்படிப் போக வேண்டும் என்றும் இல்லை. முல்லைத்தீவு, வவுனிக்குளம், குருந்தூர் மலை, மன்னார்க் கோட்டை எல்லாம் ஒரு நாள் பயணம். உங்களில் ஒருவர் கூட வந்தால் போதும். பெண்பிள்ளை என்பதற்காக வாசலோடு நிறுத்திவிடாதீர்கள். டியூஷனுக்குக் கொடுக்கும் காசில் ஒரு மாதத்துப் பங்கை இதற்குக் கொடுத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் ஆளுக்கு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்குவோம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் இருந்து அவருடைய ஊர், வீடு, கிணறு, பள்ளிக்கூடம், அயலவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுவோம். அழகான நடை தேவையில்லை, ஆனந்தரங்கப் பிள்ளையும் பேச்சுத் தமிழில்தான் எழுதினார். திகதியும் பெயரும் சரியாக இருந்தால் போதும். அந்தக் கொப்பிகளை வைப்பதற்கு நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கித் தரும்படி அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தொடங்கிவிட்டேன். அப்பாவின் கடன் கொப்பியில் இருந்த பெயர்களை உம்மும்மா ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லி வருகிறார். இதுவரை 43 பெயர்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்ல மறுக்கிறார். அது மன்னிக்கப்பட்டுவிட்டதாம்.